வீட்டில் டைவர் வாட்ச்: முள் ஏன் நிற்கிறது?

கேள்வி: 1953-இல் வந்த ரோலெக்ஸ் சப்மரைனர் பாணியில் ஒரு கைக்கடிகாரத்தை நானே பொருத்த விரும்புகிறேன். எந்த மூவ்மென்ட் (கடிகாரத்தை ஓட்டும் உள் இயந்திரம்) நல்லது? முட்கள் பாதியில் நின்றுவிடுகின்றன என்கிறார்களே, ஏன்?

பதில்: செய்கோ என்ஹெச்35 போதும். மணிக்கு 21,600 அதிர்வு, முழுச் சாவியில் சுமார் 41 மணி நேரம் ஓடும். தேதி இல்லாத டயல் என்றால் என்ஹெச்38 வாங்குங்கள். இல்லாவிட்டால் கிரௌனில் (பக்கவாட்டில் உள்ள திருகுக் குமிழ்) தேதியை மாற்றும் பயனற்ற ஓர் இழுப்பு நிலை இருந்துகொண்டே இருக்கும். டயல் 28.5 மி.மீ. அளவில் இருக்கட்டும்.

முட்கள் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், அவை ஒன்றையொன்று உரசுவதுதான். தேதி உள்ள மூவ்மென்ட் என்றால், முதலில் கிரௌனைத் திருப்பி, தேதி மாறும் அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். மணி முள்ளையும் நிமிட முள்ளையும் சரியாக 12-இல் அழுத்துங்கள். பிறகு நொடி முள்ளையும் பொருத்தி, பக்கவாட்டில் பார்த்தபடி முழுச் சுற்று சுற்றுங்கள். மூன்றும் டயலுக்கு இணையாக, இடைவெளியோடு நகர வேண்டும். நொடி முள்தான் படுத்தும்: துளை வெறும் 0.2 மி.மீ., சாய்த்து அழுத்தினால் அதன் குழாய் வளையும்.

ஸ்டெம்மை (கிரௌனை மூவ்மென்ட்டோடு இணைக்கும் மெல்லிய தண்டு) சிறிது சிறிதாகவே வெட்டுங்கள். நீளமானால் அரம் போடலாம், குட்டையானால் புதிது வாங்க வேண்டியதுதான். திருகி மூடும் கிரௌன் என்றால், அதை உள்ளே அழுத்திப் பிடித்தே அளவெடுங்கள்.

டயலில் ரோலெக்ஸ் பெயரோ அதன் கிரீடச் சின்னமோ வேண்டாம், அது போலியாகிவிடும்.