188,000 கிலோமீற்றர் ஓடிய லெகசியை வாங்கலாமா?

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கும் வாசகி ஒருவருக்குப் பாரி நகரில் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது. கிழமைக்கு நான்கு நாட்கள், காலை ஆறு மணிக்கு வேலை தொடங்குகிறது. பனிக்காலத்தில் நெடுஞ்சாலை 400 வழியாகப் போக வேண்டும் என்பதால், நான்கு சில்லும் இழுக்கும் கார் ஒன்றை வாங்கும்படி தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் பார்த்து வைத்திருப்பது 2012ஆம் ஆண்டுச் சுபாரு லெகசி: 2.5 லீற்றர் எஞ்சின், சி.வி.ரி. (தனித்தனிக் கியர்கள் இல்லாத) ஓட்டோமற்றிக், 188,000 கிலோமீற்றர் ஓடியது. தனியார் ஒருவர் 7,200 டொலர் கேட்கிறார். எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்ரன்களோடு ஒத்து இயங்கவைக்கும் ரைமிங் பெல்ற்றை மாற்றியாயிற்று என்று சொல்கிறார், ஆனால் ரசீது இல்லை. முன் ரயர்கள் இரண்டும் புதியவை. "கொரோலா போதும், ஏன் வீண் செலவு?" என்பது மைத்துனரின் கருத்து. வாங்கலாமா என்று கேட்கிறார்.

அந்தக் காரை, அந்த நிலையில், அந்த விலைக்கு வாங்க வேண்டாம். லெகசி மோசமான கார் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. நன்றாகப் பராமரிக்கப்பட்ட லெகசி ஒன்றை என் வீட்டாருக்கே வாங்கித் தருவேன். நீங்கள் எழுதியவற்றுள் இரண்டு விடயங்கள்தான் என்னைத் தடுக்கின்றன: இல்லாத ரசீதும், புதிய முன் ரயர்களும்.

முதலில், நான்கு சில்லும் இழுப்பதால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பார்ப்போம். ஜோர்ஜியன் குடாவின் மேலாக வரும் குளிர்காற்று நீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து பாரிக்கு அண்மையில் கொட்டுவதால், ரொறன்ரோவில் வெயிலடிக்கும் நாளிலும் அங்கே முன்னால் போகும் வாகனம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பனி பொழியும். பனி அகற்றும் வாகனம் வருவதற்கு முன் தரிப்பிடத்திலிருந்து வெளியேறுவதற்கும், சேறாகிக் கிடக்கும் பனியில் ஒரு தடத்திலிருந்து மற்றத் தடத்துக்கு மாறுவதற்கும், ஏற்றமான வெளியேறு பாதையில் நின்று புறப்படுவதற்கும் நாற்சில்லு இயக்கம் மெய்யாகவே உதவும். ஆனால் நிறுத்துவதற்கு அது எந்த வகையிலும் உதவாது. பிறேக் பிடிக்கும்போது எல்லாக் கார்களுக்கும் நான்கு சில்லுகள்தான். நான்கு பருவத்துக்குமான தேய்ந்த ரயர்களோடு ஓடும் லெகசியைவிட, நான்கு நல்ல வின்ரர் ரயர் போட்ட கொரோலா பனிக்கட்டியில் முன்னதாகவே நிற்கும். உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி சரி. ரயரைப் பற்றியும் அவர் சொல்லியிருந்தால் முழுவதும் சரியாகியிருக்கும்.

இனி அந்தப் புதிய ரயர்களுக்கு வருவோம். விற்பவர் இதைக் காரின் சிறப்பாகச் சொல்லியிருப்பார். சாதாரண முன்சில்லு இயக்கக் காரில் இரண்டு ரயரை மட்டும் மாற்றுவது பெரிய குற்றமல்ல. சுபாருவில் அப்படியல்ல, ஏனெனில் முன் அச்சும் பின் அச்சும் எப்போதும் இணைந்தே இயங்குகின்றன. நான்கு ரயர்களின் சுற்றளவும் ஒன்றுக்கொன்று கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மில்லிமீற்றருக்குள், இருக்க வேண்டும் என்பது உற்பத்தியாளரின் அறிவுறுத்தல். முன் ரயரின் பூவில் 8 மில்லிமீற்றரும் பின் ரயரில் 4 மில்லிமீற்றரும் மிஞ்சியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரையில் 4 மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால் சுற்றளவில் சுமார் 25 மில்லிமீற்றர் வித்தியாசம், அனுமதிக்கப்பட்டதைப் போல் நான்கு மடங்கு. இதனால் பின்சில்லுகள் ஒவ்வொரு சுற்றிலும் சற்றுக் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கும். அந்த வேறுபாட்டைக் கியர்பெட்டிக்குள் இருக்கும் பலதட்டுக் கிளச், காய்ந்த சாலையிலும், நெடுஞ்சாலை வேகத்திலும், மணிக்கணக்காக, வழுக்கி வழுக்கித் தாங்கிக்கொள்ளும். அந்தக் கிளச் பனியில் சில விநாடிகள் வழுக்குவதற்காகச் செய்யப்பட்டது. பாரி வரைக்கும் வழுக்கிக்கொண்டே போவதற்காக அல்ல.

ஏற்கெனவே கேடு நேர்ந்திருக்கிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. காரை இருபது நிமிடமாவது ஓடிச் சூடாக்கிய பின், வெறுமையான தரிப்பிடம் ஒன்றில் ஸ்ரியறிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி, அக்சிலறேற்றரை மிதிக்காமல், காரைத் தானாக ஊர்ந்து வட்டமடிக்க விடுங்கள். பிறகு மற்றப் பக்கமும் அவ்வாறே செய்யுங்கள். யாரோ மெதுவாகப் பிறேக் பிடித்துப் பிடித்து விடுவதுபோல் கார் விக்கி விக்கி நகர்ந்தால், மேற்கொண்டு பேச வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அளவுநாடாவும் கொண்டு போங்கள். ரயர்களைச் சுற்றிப் பிடித்து அளப்பதைப் பார்த்து விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்தது எஞ்சின். 2010 முதல் 2012 வரையான 2.5 லீற்றர் லெகசியில் இருப்பது சுபாருவின் பழைய வகைப் படுக்கை எஞ்சின், அதாவது சிலிண்டர்கள் கிடையாகப் படுத்திருக்கும் எஞ்சின். இதில் ரைமிங் பெல்ற் உண்டு. இதைச் சுமார் 168,000 கிலோமீற்றரில், அல்லது ஒன்பது ஆண்டுகளுக்குள், மாற்றிவிட வேண்டும். நீங்கள் பார்த்த கார் இரண்டு எல்லைகளையும் தாண்டிவிட்டது. பெல்ற் அறுந்தால் கார் தெருவில் நிற்பதோடு முடிந்துவிடாது. வால்வுகளும் பிஸ்ரன்களும் ஒன்றோடொன்று மோதும் அமைப்பு இது என்பதால் எஞ்சினே போய்விடும். வேலை செய்தவர் பெல்ற்றை மட்டும் மாற்றினாரா, அல்லது அதனோடு சேர்ந்து சுழலும் உருளைகளையும், பெல்ற்றை இறுக்கமாக வைத்திருக்கும் கருவியையும், தண்ணீர்ப் பம்பையும் மாற்றினாரா என்பதும் முக்கியம், ஏனெனில் பழைய உருளை ஒன்று இறுகிப்போனால் புதிய பெல்ற்றும் அறும். ரசீது இல்லாதபோது மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்த வேலைக்கு ஆயிரம் டொலரை ஒட்டிய தொகையை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். இதை நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: "போன வருடம்தான் மாற்றினேன்" என்று உறுதியாகச் சொல்லப்பட்ட ஒரு காரின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பெல்ற், ஓரமெல்லாம் வெடித்து உள்ளே இருந்தது.

இதே எஞ்சினில் ஹெட் காஸ்கெற், அதாவது எஞ்சினின் தலைப்பகுதி பொருந்தும் இடத்திலுள்ள அடைப்பு, ஒழுகுவது பலரும் அறிந்த குறை. படுக்கை எஞ்சின் என்பதால் ஒழுக்கு, தலைப்பகுதியின் கீழ் விளிம்பில் தொடங்கிச் சூடான புகைக்குழாயில் சொட்டும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஒயில் கருகும் மணம் வந்தால் அதைச் சந்தேகியுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில்தான் காரைப் பார்க்கப் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் பொனற்றில் கையை வைத்துப் பாருங்கள்; சூடாக இருந்தால், குளிரில் வரும் சத்தத்தையோ புகையையோ மறைப்பதற்கு விற்பவர் முன்கூட்டியே ஸ்ராட் செய்திருக்கலாம். நெடுஞ்சாலையில் ஓடித் திரும்பிய பின், கூலன்ற் நிற்கும் பிளாஸ்ரிக் தொட்டியில் குமிழிகள் வருகின்றனவா என்றும் பாருங்கள். ரேடியேற்றர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்க வேண்டாம்.

2013ஆம் ஆண்டு முதல் இதே உருவக் காரில் பெல்ற் இல்லாத, சங்கிலி கொண்ட புதிய எஞ்சின் வந்தது. அதன் தொடக்க காலக் கார்கள் சில ஒயிலைக் குடிக்கும் என்று பேர் எடுத்தவை என்பதால், ஒயில் மாற்றி எத்தனை கிலோமீற்றர் ஆயிற்று என்று கேட்டுவிட்டு அளவுக்கம்பியை இழுத்துப் பாருங்கள். அப்படியிருந்தும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 2013 அல்லது 2014ஐத்தான் எடுப்பேன்.

சி.வி.ரி. கியர்பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த ஆண்டுகளின் பெட்டிகளில் வந்த தொல்லைகளால் சுபாரு அமெரிக்காவில் அதற்கான உத்தரவாதத்தைப் பத்து ஆண்டு, 100,000 மைல் என நீட்டியது. 2012 காருக்கு அந்தக் காலமும் முடிந்துவிட்டது. சூடான பின் நிற்கப் போகும் தறுவாயில் எஞ்சின் உதறினாலோ நின்றுபோனாலோ கோளாறு பெரும்பாலும் எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கடத்தும் ரோர்க் கன்வேற்றரில் இருக்கும். முழுப் பெட்டியும் போனால் திருத்தும் செலவு காரின் விலையை எட்டிவிடும். இந்தப் பெட்டியின் எண்ணெயை மாற்றவே தேவையில்லை என்று நம்பி விட்டுவிடுபவர்கள் உண்டு. 188,000 வரை மாற்றாமல் ஓடிய பெட்டியை நான் வாங்க மாட்டேன்.

உங்கள் பயணக் கணக்கு இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. போக வர ஒரு நாளைக்கு சுமார் 200 கிலோமீற்றர், கிழமைக்கு 800, ஆண்டுக்கு 40,000. இரண்டே ஆண்டில் இந்தக் கார் 268,000ஐத் தொட்டுவிடும். வார இறுதியில் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் ஓடுபவர் ஒருவருக்கு இதே கார் பல ஆண்டுகள் உழைக்கக்கூடும். உங்களுக்கோ அது தன் கடைசிக் காலத்தில்தான் உழைக்க வேண்டியிருக்கும். எரிபொருளையும் சேருங்கள்: நூறு கிலோமீற்றருக்குச் சுமார் 9 லீற்றர் என்றால் ஆண்டுக்கு 3,600 லீற்றர். அதே காலக் கொரோலா ஒன்று ஒரு லீற்றர் குறைவாகக் குடித்தாலே ஆண்டுக்கு 400 லீற்றர் மிஞ்சும், அதில் வின்ரர் ரயர் விலையின் பெரும் பங்கு அடங்கிவிடும்.

ஒன்ராறியோவில் பத்துப் பன்னிரண்டு பனிக்காலம் கண்ட எந்தக் காரையும் துரு பார்க்காமல் வாங்கக் கூடாது. சாலையில் தூவும் உப்பு, வெளிப்பூச்சைவிட அடிப்பாகத்தைத்தான் அதிகம் தின்னும். பின்சில்லு வளைவுகளை விரலால் தட்டிப் பாருங்கள். ஆனால் பின் அச்சைத் தாங்கும் சட்டகமும் பிறேக் குழாய்களும் காரை உயர்த்திப் பார்த்தால் மட்டுமே தெரியும். ஆகவே, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் பணம் கொடுத்துப் பரிசோதியுங்கள். விற்பவர் தரும் 'சேஃப்ற்ரி' சான்றிதழை இதற்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். சோதித்த நாளில் சட்டத்தின் குறைந்தபட்சத் தேவையைக் கார் நிறைவு செய்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை, அதுவும் 36 நாட்களுக்கு மட்டும்.

பத்திரங்களில், தனியார் விற்பனையில் பழைய வாகனத் தகவல் கோவையை விற்பவரே உங்களுக்குத் தர வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். அதிலுள்ள பெயர் அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்துப் பெயரோடு ஒத்துப்போகிறதா, காரின் மேல் கடன் நிலுவை உண்டா என்று பாருங்கள். பெயர் மாற்றும்போது 13 சதவீத வரி கட்ட வேண்டும். 7,200 டொலருக்கு அது 936 டொலர். விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். வரி, நீங்கள் கொடுத்த விலை அல்லது அரசு பார்க்கும் மொத்த விற்பனை மதிப்பு, இரண்டில் கூடியதன் மேல் விழும். இந்தத் தலைமுறை லெகசியின் முன்பயணி காற்றுப்பை, டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளுக்கான மீளழைப்புக்கு உட்பட்டது என்பதால், வாகன எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்துவிட்டதா என்றும் கேளுங்கள். முடியாவிட்டாலும் முகவரிடம் இலவசமாகவே செய்துகொள்ளலாம்.

2025ஆம் ஆண்டு மாதிரியோடு லெகசி உற்பத்தி நின்றுவிட்டாலும், உதிரிப்பாகங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவற்றின் பெரும்பகுதி சுபாருவின் அவுட்பாக் காரோடு பொதுவானது.

ஆகவே, பார்த்த காரிலேயே உங்களுக்கு மனம் நின்றால், இப்படிக் கேட்டுப் பாருங்கள்: வட்டமடிக்கும் சோதனையிலும் மெக்கானிக்கின் பரிசோதனையிலும் தேறினால், பெல்ற் வேலைக்கும் நான்கு ஒரே வகை வின்ரர் ரயருக்குமான செலவைக் கழித்து 5,000 டொலருக்கு மேல் போகாமல் தருவாரா? தர மாட்டார் என்றால் 150,000க்குக் குறைவாக ஓடிய 2013 அல்லது 2014 லெகசிக்குக் காத்திருங்கள். வேலை அடுத்த மாதமே தொடங்குகிறது, காத்திருக்க முடியாது என்றால், மைத்துனர் சொன்னபடி கொரோலா ஒன்றை வாங்கி, ஐப்பசி முடிவதற்குள் அதற்கு நான்கு வின்ரர் ரயர் போட்டுவிடுங்கள். போட்டதும் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், 2016 முதல் அதற்கு அவர்கள் கழிவு தர வேண்டும்.