டெலஸ்கோப் இல்லாமல் ஜோடி கேலக்ஸி

கேள்வி: டிஎஸ்எல்ஆர் கேமராவும் 300 எம்எம் லென்ஸும் வைத்திருக்கிறேன். எம்81, எம்82 கேலக்ஸிகளை ஒரே படத்தில் எடுக்க ஆசை. டெலஸ்கோப் வாங்கியே ஆகணுமா? எங்கள் ஊரிலிருந்து தெரியுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். வானத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி பௌர்ணமி நிலாவின் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம், உங்கள் லென்ஸில் தாராளமாக அடங்கும். பெரிய டெலஸ்கோப்பில் ஒன்றைப் பிடித்தால் மற்றது ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும். காசு இருந்தால் ஸ்டார் டிராக்கர் (வானம் நகரும் வேகத்துக்கே கேமராவைத் திருப்பும் கருவி) வாங்குங்கள். அது இல்லாமல் 300 எம்எம்மில் நாலைந்து விநாடி திறந்து வைத்தாலே நட்சத்திரம் கோடாக இழுபடும்.

தெரியும், ஆனால் தாழ்வாக. இரண்டும் சப்தரிஷி மண்டலத்தில் நல்ல வடக்கே இருப்பதால், உங்கள் ஊரில் எவ்வளவு ஏறினாலும் அடிவானத்திலிருந்து 30 டிகிரியைத் தாண்டாது. ஏப்ரல் தொடக்கத்தில் இரவு ஒன்பதரை வாக்கில் அந்த உயரத்துக்கு வரும். அமாவாசையை ஒட்டி, வடக்குப் பக்கம் ஊர் வெளிச்சம் இல்லாத இடமாகப் பாருங்கள்.

நிஜமான தலைவலி துருவ நட்சத்திரம்தான். டிராக்கரை அதை நோக்கித்தான் சரிபண்ண வேண்டும், உங்களுக்கு அது வெறும் 9 டிகிரியில் நிற்கும். என் மொட்டை மாடியில் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அதை மறைத்துவிட, குத்துமதிப்பாகத் திருப்பி வைத்து எடுத்தேன். பாதிப் படங்களில் நட்சத்திரமெல்லாம் அரிசி மாதிரி நீண்டிருந்தது. வயல்வெளிக்குப் போய்விடுங்கள்.

ஒவ்வொன்றும் ஒரு நிமிடமாக நூறு, நூற்றைம்பது படம் எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் டீப்ஸ்கை ஸ்டேக்கர் என்ற மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். தரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் படம் நாலு மடங்கு வேண்டும், அதனால் ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்க்காதீர்கள். தனிப் படத்தில் எம்81 திருநீற்றைத் தொட்டு வைத்த மாதிரி, எம்82 அதையே விரலால் இழுத்த மாதிரி, அவ்வளவுதான். அடுக்கிய பிறகுதான் எம்81-இன் சுருள் கைகள் மெல்ல எழும்பும்.

கேள்வி: நெட்டில் பார்த்த படங்களில் எம்82-இன் நடுவிலிருந்து சிவப்பாகப் பீய்ச்சுகிறதே, எனக்கும் வருமா?

பதில்: இதே கேமராவில் லேசாக வந்தாலே அதிர்ஷ்டம். எம்81-இன் ஈர்ப்பு கலக்கிவிட்டதில் எம்82-க்குள் நட்சத்திரங்கள் கண்டபடி பிறக்கின்றன, அந்த வேகத்தில் வெளியே தள்ளப்படும் ஹைட்ரஜன்தான் அந்தச் சிவப்பு. அந்த நிறத்தில் பெரும்பங்கை சென்சார் முன்னால் இருக்கும் ஃபில்டர் வெட்டிவிடும். அதைக் கழற்றி மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கல்யாண போட்டோவுக்கும் இதே கேமராதான் என்றால் கைவைக்காதீர்கள், முகமெல்லாம் சிவந்து வரும்.