தண்டல் அட்டையும் கூட்டுத்தொடரும்

வணக்கம் ஐயா,

தண்டையார்பேட்டையில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். "இதெல்லாம் எதுக்கு மிஸ்?" என்ற கேள்வி வாரம் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. இயற்கணிதம், தொடர்வரிசை போன்றவற்றைக் குறைத்துவிட்டு, வட்டி, வங்கி, கரண்ட் பில் என்று நடைமுறைக் கணக்கைத் தனிப் பாடமாக வைத்தால் என்ன? தேர்ச்சிக்கே தடுமாறும் பிள்ளைகளுக்கு அதுவாவது உதவுமே.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடிதத்தில் மற்றதெல்லாம் நியாயம்தான். "அதுவாவது" என்ற ஒரு சொல்தான் உறுத்துகிறது. நடைமுறைக் கணக்கு என்றால் எளிய கணக்கு என்று நாமாகவே முடிவு கட்டி வைத்திருக்கிறோம். நம் பக்கத்தில் தினமும் நடக்கும் தண்டலை, அதாவது வட்டியை முன்பே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் தந்து, நாள்தோறும் தவணை வாங்கும் கடனை, எடுத்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டில் என் அம்மா இட்லிக் கடை வைத்திருந்த காலத்தில், சில்லறை டப்பாவுக்கு அடியில் நூறு கட்டம் போட்ட மஞ்சள் அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். சாயங்காலம் வண்டியில் வருபவர் பணத்தை வாங்கிக்கொண்டு அன்றைய கட்டத்தில் ஒரு கிறுக்கல் போட்டுவிட்டுப் போவார். மிச்சக் கட்டங்களை எண்ணிச் சொல்வது என் வேலை. பள்ளியில் தனிவட்டிச் சூத்திரத்தைத் தடங்கலின்றி ஒப்பித்துக்கொண்டிருந்த நான், அந்த அட்டையில் இருப்பதும் வட்டிக் கணக்குதான் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பிடித்தம் ஆளுக்கு ஆள் மாறும். 10,000 ரூபாய்க்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தந்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறு, மூன்று மாதம் பத்து நாள். அப்படியானால் நாலரை வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் நாலரை ரூபாய், என்றுதான் எவரும் மனக்கணக்குப் போடுவார்கள். ஆனால் வாங்கியவர் கையில் 8,500 ரூபாய் முழுதாக இருந்தது முதல் நாள் மட்டுமே. தினமும் கட்டும் நூறில் 85 அசலுக்கும் 15 வட்டிக்கும் போகிறது என்று கொண்டால், அவர் கையில் நிற்கும் அசல் 8,500, 8,415, 8,330 என்று இறங்கி, நூறாவது நாளில் 85 ஆகிறது. ஒரே அளவில் இறங்கும் இந்த எண்களின் கூட்டல், நீங்கள் குறைக்கச் சொல்லும் தொடர்வரிசைப் பாடத்தில் வரும் அதே கூட்டுத்தொடர்தான். முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி ஐம்பதால் பெருக்கினால் 4,29,250. நூறால் வகுத்தால், சராசரியாக அவர் கையாண்ட கடன் 4,292 ரூபாய் 50 காசு. அதற்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 127 சதவீதம், அதாவது பத்தரை வட்டி. கட்டும் நூறை நாள்வாரியாக இன்னும் நுணுக்கமாகப் பிரித்தால் 121 சதவீதத்தை ஒட்டி வரும்; அந்த வேறுபாடு ஏன் வருகிறது என்பதையே மறுநாள் வகுப்பாக வைத்துக்கொள்ளலாம். பத்து வட்டி என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் சண்டைக்குப் போகும் தெரு, தண்டல் அட்டையைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறது.

ஆகவே தொடர்வரிசையைக் குறைத்தால் இந்தக் கணக்கும் சேர்ந்து போய்விடும். பிள்ளைகளால் இது முடியுமா என்று நீங்கள் தயங்கலாம். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் சிறுவர்கள் ஐந்து பேரை வைத்துச் செய்து 1985-இல் வெளியான ஆய்வில், விற்கும் இடத்தில் வாய்க்கணக்காகக் கேட்டபோது 98 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்ததும் 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். ஐந்து பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாதுதான். ஆனால் காசிமேட்டு மீன் ஏலத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பழகிய பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், ஆய்வே தேவைப்படாது.

கரண்ட் பில்லைத் தாராளமாக எடுங்கள். 500 யூனிட்டைத் தாண்டியதும் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் ஏன் மாறுகிறது என்று வரைபடம் போடச் சொன்னால், சார்பு பாடம் பாதி முடிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். தண்டல் கணக்கைக் கரும்பலகையில் வெறும் கணக்காகவே எழுதுங்கள். யார் வீட்டில் அட்டை இருக்கிறது என்று கேட்க வேண்டாம். என் வகுப்பில் கேட்டிருந்தால் நான் கை தூக்கியிருக்க மாட்டேன்.