கோணல் வீட்டுக்காக ஏன் அழுதார்கள்?

கேள்வி: இங்கிலாந்தில் சாய்ந்தபடியே நின்ற பழைய பப் ஒன்று எரிந்துபோக, ஊர் மக்கள் கண்ணீர் விட்டார்களாமே! ஒரு மதுக்கடைக்காகவா இவ்வளவு?
– வாசகர், திருச்சி

பதில்: அந்தக் கண்ணீர் நியாயமானது என்றே நினைக்கிறேன். நீங்கள் கேட்பது டட்லி நகருக்குப் பக்கத்தில், ஹிம்லியில் இருந்த 'க்ரூக்கட் ஹவுஸ்', அதாவது கோணல் வீடு. 1765-இல் பண்ணை வீடாகக் கட்டியது. அந்த வட்டாரம் முழுக்க நிலக்கரி. வீட்டுக்கு அடியிலும் தோண்டியதில் மண் அமுங்கி, ஒரு பக்கம் சுமார் 4 அடி இறங்கிவிட்டது. 1830 வாக்கில் அதே கோணலோடு பப் ஆனது.

1940-களில் ஆபத்தான கட்டடம் என்று இடிக்கவே இருந்தார்கள். அப்போது ஒரு பீர் கம்பெனி அதை வாங்கி, முட்டுச்சுவரும் இரும்பு உத்திரமும் கொடுத்துக் காப்பாற்றியது. நிமிர்த்தவில்லை, விழாமல் மட்டும் பிடித்துக்கொண்டது. எவ்வளவு நல்ல முடிவு!

சில வருடங்களுக்கு முன் நான் போயிருக்கிறேன். எனக்குக் குடிப் பழக்கம் இல்லை. லெமனேட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் மேசையில் கோலிக்குண்டை வைத்தார். அது மேட்டைப் பார்த்து உருண்டது! உண்மையில் அது பள்ளத்துக்குத்தான் போகிறது. சுவர், ஜன்னல், கதவு எல்லாமே சாய்ந்திருப்பதால் எது மட்டம் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்பா, பிள்ளை, பேரன் என்று தலைமுறை தலைமுறையாக அந்தக் கோலியைப் பார்த்து வாய்பிளந்திருக்கிறார்கள். மண்ணுக்கடியில் உழைத்தவர்களின் தடம் மண்ணுக்கு மேலே கண்ணெதிரே நின்ற இடம் அது.

2023 ஜூலையில் அதை விற்றார்கள். ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. வழியில் குவிந்து கிடந்த மண்மேடு தீயணைப்பு வண்டிகளை மறித்தது. 7-ஆம் தேதி மொத்தக் கட்டடத்தையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். மேல்மாடியில் சில பகுதிகளை அகற்ற மட்டும்தான் உள்ளூர் கவுன்சில் ஒப்புக்கொண்டிருந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

2024 பிப்ரவரியில், முன்பு இருந்தபடியே 3 ஆண்டுக்குள் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று உரிமையாளர்களுக்குக் கவுன்சில் உத்தரவிட்டது. நடக்குமா என்று சந்தேகப்பட வேண்டாம். லண்டனில் 'கார்ல்டன் டேவர்ன்' என்ற பப்பை 2015-இல் அனுமதியில்லாமல் இடித்தார்கள். அதன் அமைப்பை முன்பே விவரமாகப் பதிவு செய்து வைத்திருந்ததால், உத்தரவுப்படி பழையபடியே கட்ட முடிந்தது. 2021-இல் திறந்தும்விட்டார்கள். ஹிம்லியிலும் அப்படிக் கட்டட்டும், ஆனால் அந்த 4 அடி சாய்வோடு. நேராக நிற்கும் கட்டடத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் நான் ஏற்க மாட்டேன்.