கொல்லையில கேம்ப் ஃபயர் குழி: கேட்டவங்களுக்கு என் பதில்

கோத்தகிரி பக்கம் எங்க வீட்டுக்குப் பின்னாடி கட்டுன குழியோட போட்டோ போட்டதுல இருந்து நிறைய பேர் கேள்வி கேட்டுட்டே இருக்கீங்க. ஒவ்வொண்ணா சொல்றேன்.

அண்ணா, எவ்வளவு பெருசு வேணும்? எத்தனை செங்கல் ஆகும்?

உள்விட்டம் 3 அடி போதும், ஏழெட்டு பேர் சுத்தி உக்காரலாம். நடுவுல ஒரு குச்சி நட்டு ஒன்றரை அடி கயித்தைக் கட்டி வட்டம் போட்டுக்கோங்க. வட்டத்துக்குள்ள முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துட்டு 4 இன்ச் ஜல்லி கொட்டுங்க, மழைத்தண்ணி தேங்காது. வெளி ஓரத்துல மண்ணை நல்லா இடிச்சு மட்டம் பண்ணி அது மேல செங்கல் அடுக்கணும். 9 இன்ச் கல்லுன்னா ஒரு வரிசைக்கு 12, நாலு வரிசைக்கு 48, உடையுறதுக்கும் சேத்து 60 வாங்கிக்கோங்க. முதல் வரிசையில நாலஞ்சு இடத்துல கட்டைவிரல் நுழையுற அளவு சந்து விடுங்க, அடியில காத்து போகலைன்னா தீ எரியாது, புகைதான் வரும்.

சிமெண்ட் வெச்சு பூசிடலாமா?

வேண்டாங்க. சூட்டுல சிமெண்ட் பூச்சு வெடிச்சு உதிர்ந்துரும். சும்மா அடுக்குனாலே நிக்கும், மேல் வரிசைக் கல்லு கீழ் வரிசை இணைப்பு மேல உக்காரணும், அவ்வளவுதான். பூசியே ஆகணும்னா மண் அடுப்புக்குப் பிசையற மாதிரி களிமண்ணும் மணலும் போதும்.

ஆத்துல கிடைக்கிற உருண்டைக் கல்லு அழகா இருக்கே, அதை வெச்சு கட்டலாமா?

தயவுசெஞ்சு வேண்டாம். நான் முதல்ல கட்டுனது ஓடைக் கல்லுலதான், ரெண்டாவது நாள் ராத்திரி ஒரு கல்லு பட்டாசு மாதிரி வெடிச்சு சில்லு பறந்து நாற்காலியில வந்து குத்துச்சு, அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் என் பொண்ணு உக்காந்திருந்த நாற்காலி அது. தண்ணியில கிடந்த கல்லுக்குள்ள ஈரம் இருக்கும், சூடேறுனா அது ஆவியாகி வெளிய வர வழியில்லாம கல்லையே பொளந்துரும். அன்னைக்கே எல்லாத்தையும் பிரிச்சுட்டேன்.

மொட்டை மாடியில?

கூடாது. தளமும் வாட்டர் ப்ரூஃபிங்கும் கெட்டுப்போகும்.

என்ன விறகு போடுறீங்க ப்ரோ? எங்களுக்கு ஒரே புகை.

உங்க விறகுல ஈரம் இருக்கு. வெட்டிப் பொளந்து மழை படாம குறைஞ்சது ஆறு மாசம் காய விடணும், ரெண்டு கட்டையைத் தட்டுனா 'டங்'னு சத்தம் வரணும். எங்க ஊர்ல சீகை மரம், கீழ சமவெளியில சவுக்கு, ரெண்டுமே நின்னு எரியும். அரளிக் குச்சி மட்டும் போட்டுராதீங்க, புகையே விஷம். பெயிண்ட் அடிச்ச பலகை, பிளைவுட்டும் வேண்டாம். பத்த வைக்க பெட்ரோல் ஊத்தவே ஊத்தாதீங்க, சிரட்டையும் காஞ்ச பாளையும் போதும்.

தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்துல வீடு, பரவால்லையா?

வீடு, வேலி, மரக்கிளை எல்லாத்துல இருந்தும் 15 அடியாவது தள்ளி இருக்கணும், சுத்தி 5 அடிக்கு புல்லு, சருகு இல்லாம செதுக்கிருங்க. பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் நான் பத்த வைக்கிறதே இல்லை. காஞ்ச புல்லுல தீ எவ்வளவு வேகமா ஏறும்னு 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணி காட்டுத்தீயில பாத்தோம், மறக்கக் கூடாது.

மிச்சமிருக்கிற நெருப்புக் கங்குகளை ஒரு சட்டியில அள்ளி ரூமுக்குள்ள வெச்சா குளிர் தெரியாதுல்ல?

இதுக்காகத்தான் இந்த பதிவே எழுதணும்னு நெனைச்சேன். வைக்கவே வைக்காதீங்க. கங்குல புகை இல்லைன்னு தைரியமா இருப்போம், ஆனா அதுல இருந்து கார்பன் மோனாக்சைடு வந்துட்டே இருக்கும், வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, ஜன்னலை மூடிட்டு தூங்குறவங்களுக்கு தலைவலி வந்ததுகூட தெரியாம அப்படியே உயிர் போயிரும். டூர் வந்தவங்க இப்படி இறந்துபோன செய்தி மலை ஊர்கள்ல அப்பப்போ வருது. கங்கு குழியிலயே கிடக்கட்டும். படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு வாளி தண்ணி ஊத்தி, குச்சியால கிளறி, மறுபடி ஊத்தி, புறங்கையை மேல காட்டிப் பாத்து சூடு இல்லைன்னாதான் நகரணும்.

அப்போ ராத்திரி குளிருக்கு என்னதான் பண்றது அண்ணா?

சுடுதண்ணி பையில வெந்நீர் ஊத்தி, துண்டு சுத்தி, கால்மாட்டுல வெச்சு ரெண்டு கம்பளி போத்திக்கோங்கம்மா. ஜனவரி உறைபனிக்கும் எங்க வீட்ல அதேதான்.