பாதுவான்ஜின்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி (பினாங்கு வாசகி): காலையில் பூங்காவில் சீன முதியவர்கள் மெதுவாகக் கையைத் தூக்கி இறக்குகிறார்கள். அது தாய்ச்சியா, சீகோங்கா?

நின்ற இடத்திலேயே ஓர் அசைவைப் பல முறை செய்துவிட்டு அடுத்ததற்குப் போனால், அது சீகோங்காக (அசைவும் மூச்சும் கவனமும் சேர்ந்த சீன உடற்பயிற்சி) இருக்கும், பெரும்பாலும் அதில் ஒரு வகையான பாதுவான்ஜின். அடியெடுத்து நகர்ந்துகொண்டே, அசைவுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடினால் தாய்ச்சி. அது தற்காப்புக் கலையாகப் பிறந்தது. பாதுவான்ஜின் என்றால் 'எட்டுத் துண்டுப் பட்டு'. பட்டு போல வழுவழுப்பாக, வெட்டு விழாமல் செய்ய வேண்டிய எட்டு அசைவுகள்.

கேள்வி: இது உண்மையிலேயே பழையதா?

பயிற்சி பழையது, 'சீகோங்' என்ற பொதுப்பெயர்தான் புதியது. சீனாவின் சாங்ஷா நகரின் மாவாங்துயியில் கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973-இல் தோண்டினார்கள். அங்கே கிடைத்த பட்டு ஓவியத்தில் 44 பேர் நிற்கிறார்கள், குனிகிறார்கள், கைவிரிக்கிறார்கள். ஆணும் பெண்ணும், இளையவரும் முதியவரும் அதில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். 'சீகோங்' என்ற சொல் இன்றைய பொருளில் பரவியதோ 1950-களில், சீனாவில் லியூ குய்ஜென் என்பவர் நடத்திய சிகிச்சை நிலையங்கள் வழியாக.

கேள்வி: சீகோங்கில் வரும் 'சீ' என்பது நம் பிராணன்தானே?

நெருங்கிய கருத்து, ஆனால் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். அந்தச் சீன எழுத்தின் பழைய வடிவத்தில் மேலே ஆவி, கீழே அரிசி. மூச்சும் சோறும் சேர்ந்து தரும் தெம்பு என்று எடுத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: வயது 63. முழங்கால் வலி, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. செய்யலாமா?

மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது அசைவில் வில்லை இழுப்பதுபோல் கால்களை அகட்டி அமர வேண்டும். நீங்கள் தாழ்ந்து உட்காரவே வேண்டாம்; முழங்காலைச் சற்று மடக்கினாலே போதும். அது கால்விரல் நுனியைத் தாண்டாமலும் உள்பக்கம் சாயாமலும் இருக்கட்டும். ஆறாவதில் பாதத்தைத் தொடக் குனிவார்கள். அங்கே தலையைத் தொங்கவிடாதீர்கள், முழங்காலோடு நிறுத்திவிட்டு மெதுவாக நிமிருங்கள். கடைசி அசைவில் குதிகாலை உயர்த்தி ஏழு முறை இறக்குவார்கள். எலும்பு தேய்ந்தவர்கள் 'தொம்' என்று போடாமல், நாற்காலியைப் பிடித்தபடி பூப்போல இறக்க வேண்டும்.

கேள்வி: மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. சீகோங் எல்லா நோயையும் தீர்க்கும் என்பவரிடமிருந்து விலகி இருங்கள். உடல் சமநிலைக்கு இவ்வகைப் பயிற்சி உதவும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. பார்கின்சன் (நடுக்குவாத) நோயாளிகள் 195 பேரை வைத்து நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. தாய்ச்சி செய்தவர்களின் சமநிலை மேம்பட்டது. அவர்களும் மருந்தோடுதான் செய்தார்கள்.

கேள்வி: மூச்சை எப்போது இழுப்பது, எப்போது விடுவது? குழம்புகிறேன்.

முதல் மாதம் அதை மறந்துவிடுங்கள். எடை எந்தக் காலில் இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். மூச்சை அடக்காதீர்கள். கை பழகியபின், மேலே போகும்போது இழுப்பும் இறங்கும்போது விடுவதும் தானாக வரும். அப்புறம், எட்டும் சேர்ந்து ஏறக்குறைய 12 நிமிடம்தான். பாதியில் மூச்சு வாங்கினால் அவசரப்படுகிறீர்கள். நின்று, முதல் அசைவிலிருந்து தொடங்குங்கள்.