வெள்ளம் வடிந்த பிறகும் குழாயில் தண்ணீர் வர ஏன் இத்தனை நாள் ஆகிறது?

எல்லோரும் உடைந்த குழாயைத்தான் நினைப்பார்கள். பல நேரம் தாமதம் தொடங்குவது பம்ப் அறையில். மூழ்கிய மோட்டாருக்கு அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். சேற்றைக் கழுவி, சூடான காற்றில் நன்றாக உலர்த்தி, மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்பு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை (காப்புத்தடை) மெக்கர் என்ற கருவியால் அளக்க வேண்டும். முள் ஏறவில்லையா, மறுபடி உலர்த்த வேண்டியதுதான். பேரிங், மின்பலகை எல்லாம் அப்புறம்.

சரி, குழாய்க்கு வருவோம். அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியே தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் போனால் அதே விரிசல் வழியே சாக்கடை உள்ளே வரும். அதனால் உடையாத குழாயையும் நம்ப முடியாது. வால்வை மெல்லத் திறந்து, காற்றை வெளியேற்றி, கலங்கல் போகும்வரை அலச வேண்டும். சேறு மிச்சமிருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். மாற்றிப் பதித்த நீளமான குழாயில் லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளோரின் கலந்து 24 மணி நேரம் நிறுத்திவைப்பது ஒரு வழக்கமான முறை. பிறகு மீண்டும் அலசல், கிருமிப் பரிசோதனை. இதை மட்டும் யாராலும் விரட்ட முடியாது. பாக்டீரியா வளர்ந்து தெரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

தண்ணீர் வந்துவிட்டதே என்று அப்படியே குடித்துவிடாதீர்கள். பாதுகாப்பானது என்ற அறிவிப்பு வரும்வரை தளதளவென்று கொதிக்கவைத்தே குடியுங்கள். எண்ணெய் வாடையோ ரசாயன வாடையோ அடித்தால் கொதிக்கவைத்தும் பயனில்லை, அதைத் தொடவே வேண்டாம்.